கீழிருந்து மேலே

திருப்பூரை ஒட்டி 15 வேலம்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் ஊர்ப் பெயரில் இருந்த எண் போகவில்லை. பல்லடம் பக்கம் போனால் 63 வேலம்பாளையம். ஈரோட்டில் 46 புதூர். கோவையில் பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டி நெ.4 வீரபாண்டி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ் போர்டில் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, எது ஊர், எது பஸ் நம்பர் என்று கொஞ்சம் திகைப்பார்கள். கொங்கு நாட்டில் பாளையங்களுக்கும் புதூர்களுக்கும் வலசுகளுக்கும் பஞ்சமில்லை. பெயர் வைத்தவர்கள் பக்கத்துத் தாலுகாவைக் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை. வீரபாண்டி திருப்பூரிலும் உண்டு, சேலத்திலும் உண்டு, தேனியிலும் உண்டு.

வேலம்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த 15 எதற்கு? அவருக்கு அது வெறும் ‘ஊரு’. பக்கத்து ஊரில் நிற்கும்போது வேண்டுமானால் ‘வேலம்பாளையம்’ என்பார். 15 வேண்டியிருப்பது தூரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு, வரி கேட்டு வருகிறவருக்கு, ஜாதகத்தை எடுத்துக்கொண்டு முதல்முறை வண்டியேறுகிறவருக்கு. ஊருக்குள் இருப்பவர் ஒருநாளும் கேட்காத கேள்விக்கு வெளியே இருப்பவர் வைத்துக்கொண்ட விடை அது. நாளடைவில் ஊர்க்காரர்களும் அதையே தங்கள் பெயராகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இதே சிக்கல் நாடு முழுதுக்குமாக வந்தபோதுதான் பின்கோடு பிறந்தது. சுதந்திரத்தின் 25 ஆண்டுகள் நிறைந்த 1972 ஆகஸ்ட் 15 அன்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளர், சம்ஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர். யாப்புக்குள் சொல் அடக்கத் தெரிந்த ஒருவர், ஒரு துணைக்கண்டத்தை ஆறு இலக்கத்துக்குள் அடக்கினார் என்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், படிக்க முடியாத கையெழுத்து, பிரிப்பவருக்குத் தெரியாத மொழி. இத்தனைக்கும் நடுவே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் திருப்பூர், திருப்பத்தூர், திருப்பதி மூன்றும் முதல் ஐந்து எழுத்து வரை ஒன்றுபோலத்தான் நிற்கும். அதற்கு மேல் கிறுக்கலாக இருந்தால் கடிதம் ஏழுமலையான் பக்கம் போனாலும் போகலாம். எண்ணில் அந்தக் குழப்பம் கிடையாது: திருப்பூர் 641601, திருப்பத்தூர் 635601, திருப்பதி 517501. முதல் இரண்டு ஊருக்கும் கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அது தற்செயல். அதனால் கெடுதலும் இல்லை. ஏனென்றால் அந்த 601-ஐ இரண்டு ஊருக்கும் சேர்த்துப் பார்க்கும் கண் எங்கும் கிடையாது.

இதுதான் எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம். ஆறு இலக்கத்தையும் ஒரே ஆள் படிப்பதற்காக அது செய்யப்படவில்லை. முதல் இலக்கமான 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய தெற்கு. குவாஹாட்டியில் கடிதத்தைக் கையில் எடுப்பவருக்கு 6 என்பதே பெரும்பாலும் போதும், மூட்டை தெற்கே போகிறது. இரண்டாவது இலக்கத்தில் பகுதி குறுகுகிறது. மூன்றாவது, பிரிப்பு வட்டத்தைக் காட்டுகிறது; 641 என்றால் கோவை. சென்னையில் இருப்பவர் 641 வரை பார்த்துவிட்டுக் கோவைப் பைக்குள் போட்டால் அவர் வேலை முடிந்தது. மீதி மூன்று இலக்கமும் 641-க்குள் இருப்பவர்களின் கவலை. 601 என்றால் திருப்பூர், 654 என்றால் அவிநாசி, 664 என்றால் பல்லடம். அங்கே பையைப் பிரிக்கும்போது முன்னால் உள்ள 641 யாருக்கும் கண்ணில்கூடப் படாது. தெருவும் கதவு எண்ணும் கடைசியாக வருகிற தபால்காரருக்கு. அவருக்கு அதுவும் வேண்டாம், பெயரே போதும்.

அதாவது, முகவரியை எழுதுகிறவர் மேலிருந்து கீழே எழுதுகிறார்: பெயர், வீடு, தெரு, ஊர், எண். சுமக்கிறவர்கள் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வருகிறார்கள். ஆர்.எம்.எஸ். ரயில் பெட்டிக்குள் ஆடிக்கொண்டே கடிதம் பிரித்தவர்கள் காலத்திலும் அப்படித்தான், இன்றைக்குப் பார்சலை இயந்திரம் தள்ளிவிடும் காலத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு கையும் தனக்குரிய ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த கைக்குத் தருகிறது. பெயர் முதல் வரியில் இருந்தாலும் அதைக் கடைசியாகத்தான் படிக்கிறார்கள். ஜப்பானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எழுதும்போதே பெரிதிலிருந்து சிறிதுக்கு வந்து, பெயரைக் கடைசியில் வைக்கிறார்கள். எழுதுகிறவரும் சுமக்கிறவரும் ஒரே திசையில் நடக்கிறார்கள்.

நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் டேபிளில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்காக விரித்த துணியை வெட்டியதும், ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஒட்டுவார்கள். ஒரே அடுக்கிலிருந்து வந்த முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒன்றுசேர வேண்டும், இல்லாவிட்டால் சாயத்தின் சிறு வேறுபாடு தைத்த பிறகு காட்டிக்கொடுத்துவிடும். துணியின் தரத்தைப் பற்றி அந்த நம்பர் எதுவும் சொல்வதில்லை. அடுத்து அதைக் கையில் எடுக்கப் போகும் டெய்லருக்காக ஒட்டியது அது. பின்கோடும் அப்படித்தான். திருப்பூர் எப்படிப்பட்ட ஊர் என்பது 641601-க்குத் தெரியாது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்பது மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் வரைபடம் மாறும்போதும் எண் மாறாமல் இருக்கிறது. 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, வண்டிகளில் புதுப் பெயர் வந்தது, கடைப் பலகைகளில் ‘கோவை மாவட்டம்’ என்பதை அழித்து எழுதினார்கள். பின்கோடு மட்டும் அசையவில்லை. திருப்பூரும் அவிநாசியும் பல்லடமும் இன்றும் கோவையின் 641. உடுமலைப்பேட்டை 642. காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டின் 638. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று பழைய தொடர்புகள். தாலுகா எல்லையை யார் எங்கே போட்டாலும் தபால் வண்டி போகிற பாதை பழையபடியே இருந்தால் எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் தபால்துறைக்கு இல்லை. மாவட்டம் பிரிந்ததில் பெருமைப்பட்ட சிலருக்கு இது குறையாகப் பட்டிருக்கலாம். எனக்கென்னவோ ஆட்சி எல்லையைவிட இந்த எண்கள்தான் ஊர்களுக்கு நடுவே இருந்த போக்குவரத்தை நேர்மையாகச் சொல்கின்றன என்று தோன்றுகிறது.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கிழக்கு, மேற்கு என்று நாடு இரண்டாக இருந்த காலத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாக நான்கு இலக்க எண் வைத்துக்கொண்டார்கள். 1990-இல் ஒன்றுசேர்ந்தபோது பார்த்தால், மேற்கில் பான் நகரத்துக்கும் 5300, கிழக்கில் வைமாருக்கும் 5300. அவசரத்துக்கு மேற்கு எண்களுக்கு முன்னால் ஓர் எழுத்து, கிழக்குக்கு வேறோர் எழுத்து என்று ஒட்டிச் சமாளித்தார்கள். சுவர் இடிந்துவிட்டது, கடித உறையில் மட்டும் எல்லை நின்றது. கடைசியில் 1993 ஜூலை 1 அன்று நாடு முழுதுக்கும் புதிதாக ஐந்து இலக்க எண்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றான நாட்டில் கடிதம் போகிற பாதையும் ஒன்றாக வேண்டியிருந்தது, எண் மாறியது. நமக்குப் பாதை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

நம் பின்கோடுகளில் இடமே இல்லாத எண்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 9-இல் தொடங்குபவை ராணுவத் தபாலுக்கு உரியவை. பட்டாளத்துக்குப் போன மகனுக்கு ஊரிலிருந்து எழுதும் அம்மா ‘56 ஏ.பி.ஓ.’ என்றோ ‘99 ஏ.பி.ஓ.’ என்றோ எழுதுவார். மகன் பனியில் நிற்கிறானா பாலைவனத்தில் நிற்கிறானா என்பது உறையில் இருக்காது, இருக்கவும் கூடாது. படைப்பிரிவு இடம் மாறினாலும் எழுதும் முகவரி பழையதுதான். இடம் தெரியாமலே கடிதம் போய்ச் சேருகிறது. வரைபடத்தில் சுட்டிக்காட்ட முடியாத ஒருவருக்கும் முகவரி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு பக்கம் சபரிமலை. சந்நிதானத்துக்கென்று 689713 என்று தனி எண் இருக்கிறது. அந்தத் தபால் நிலையம் மண்டல, மகரவிளக்குக் காலத்தில் திறந்து, கூட்டம் இறங்கிய பிறகு மூடிவிடும். ஐயப்பனுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள், மணியார்டர் அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள். மலை ஆண்டு முழுக்க அங்கேதான் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. தேடி வருகிற கூட்டம் இல்லாத மாதங்களில் எண்ணுக்கு வேலை இல்லை.

இடம் இருந்தும் எண் தூங்குகிறது இங்கே; அங்கே இடமே தெரியாமல் எண் வேலை செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. முகவரி என்பது ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தேடி வருகிறவர் தரப்பிலிருந்து எழுதப்பட்ட ஒன்று. தேடுகிறவர் ஒருவர் இருக்கும்வரை அது உயிரோடு இருக்கிறது. நாம் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் பொருள்களில், முழுக்க முழுக்கப் பிறர் கையில் இருப்பது அதுதான்.

உலகம் இப்போது எதிர்த்திசையில் ஓடுவதாகத் தெரிகிறது. பல நாடுகள் இடத்தைத் துல்லியமாக்குவதில் இறங்கியிருக்கின்றன. சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்கம் ஒரு கட்டடத்தையே காட்டும். அயர்லாந்தில் 2015 வரை நாடு முழுதுக்குமான குறியீடே கிடையாது, கடிதங்கள் அதற்கு முன்பும் போய்க்கொண்டுதான் இருந்தன. வந்தபோது ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனிக் குறியீடாக வந்தது, பக்கத்து வீட்டுக் குறியீட்டுக்கும் இந்த வீட்டுக் குறியீட்டுக்கும் வரிசைத் தொடர்பு இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இன்றும் அஞ்சல் குறியீடு இல்லை. தபால் பெட்டி எண்தான். துபாய்க்குச் சாம்பிள் அனுப்பும் நம்மூர் மெர்ச்சண்டைசர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: கொரியர் படிவம் ஜிப்கோடு கேட்டு நின்றுவிடும், ஐந்து சுழியைத் தட்டிவிட்டு மேலே போவார்கள். பிரிட்டனுக்கு அனுப்பினால் எழுத்தும் எண்ணும் கலந்து, சராசரியாகப் பதினைந்து முகவரிக்கு ஒரு குறியீடு. இங்கேயோ ஒரு பின்கோட்டுக்குள் ஒரு நகரத்தின் பாதியே இருக்கும். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்களுக்கு மொத்தம் சுமார் 19 ஆயிரம் எண்கள்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2025-இல் தபால்துறை ‘டிஜிபின்’ கொண்டுவந்தது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து செய்தது. நாட்டின் பரப்பை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. நல்ல விஷயம்தான். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இதைவிட உதவி வேறில்லை. ஆனால் நான்கு மீட்டர் என்பது இங்கே ஒரு லைன் வீட்டு அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மாடியில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே கட்டம். அந்த அறையில் ஷிப்ட் மாறி மாறிப் படுத்து எழுகிற நான்கைந்து பேரில் யாரைத் தேடி வந்திருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. இப்போதைக்கு அதைச் சொல்வது போன்தான்.

“ஏனுங்ண்ணா, எங்கீங்க வரோணும்?”

“பி.என். ரோட்டுல வாங்க தம்பி. பெட்ரோல் பங்க் தாண்டி லெஃப்ட் எடுத்தா ஒரு வேப்பமரம் வரும். அங்க நின்னு கூப்பிடுங்க.”

பார்சல் பையனும் வீட்டுக்காரரும் தினமும் ஆயிரம் தடவை பேசிக்கொள்கிற பேச்சு இது. பின்கோடு அவனைத் திருப்பூர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டரை இரண்டு மனிதர்களின் குரல்தான் கடக்கிறது.

தேடி வருவதற்காக வைத்த எண்ணை, வராமல் இருப்பதற்கும் பயன்படுத்தலாம் என்பதையும் நாம் கண்டுபிடித்துவிட்டோம். கடன் கேட்டுப் போனால் சில நிறுவனங்களில் முதலில் பின்கோடு பார்ப்பார்கள். ‘நெகடிவ் ஏரியா’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆளைப் பார்க்காமலே எண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடலாம். வலைக்கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு ‘இந்தப் பின்கோடுக்கு டெலிவரி இல்லை’ என்று வருவது இன்னும் கொஞ்சம் மரியாதையான மறுப்பு. பிரிட்டனில் எந்த வட்டாரத்தில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் மருத்துவ வசதி மாறுவதை அஞ்சல் குறியீட்டின் பெயராலேயே லாட்டரி என்று கேலி செய்கிறார்கள். கடிதம் பிரிக்க எழுதிய எண்ணை வைத்து மனிதரைப் பிரிக்க வேலங்கர் கற்றுத்தரவில்லை. நாமாகவே தேறிக்கொண்டோம்.

இதையெல்லாம் எங்கள் ஊரில் உட்கார்ந்து யோசிக்கும்போது, கண் தானாக ஆதார் நகல்களின் பக்கம் போகிறது. எந்த பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். அறையிலும் அந்த அடுக்கு இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களின் நகல்களைக் கடைசி வரியிலிருந்து படித்துப் பாருங்கள். 8-இல் தொடங்கினால் பீகார் அல்லது ஜார்க்கண்ட். 75, 76, 77 என்றால் ஒடிசா. 78 அசாம். 2 உத்தரப்பிரதேசப் பக்கம். கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் 625 என்று மதுரை, தேனி. 627 என்று நெல்லை. செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் பவர் டேபிளிலும் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள், தாளில் இந்தியா முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். உடம்பு 641-இல் இருக்கிறது. எண் வேறெங்கோ இருக்கிறது.

அதிகாரிகளின் மொழியில் இது ஒரு குறை: ‘லோக்கல் அட்ரஸ் ப்ரூஃப் இல்லை’. கேஸ் இணைப்புக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் இந்த வாக்கியம் எதிரே வந்து நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு லைன் வீடு மாறுகிறவர் எதைக் காட்டுவார்? குறையைக் குறை என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ரேஷனும் மருத்துவமும் வாக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிற நாட்டில், எண் தொலைவில் இருப்பது அன்றாடக் கஷ்டம்தான். ஆனால் ஆதாரில் இருக்கிற அந்தத் தூரத்து எண் பொய்யும் இல்லை. அங்கே ஒருவர் சம்பள நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். வேலைக்கு வந்தவர் இங்கே ஒரு காம்பவுண்டில் பத்து வருஷம் இருந்தாலும், காணோமே என்று தேடி வர ஆள் இல்லையென்றால் 641 அவருக்கு வெறும் எண்.

முன்பு தெக்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கியதும் தபாலாபீஸ் வாசலில் நின்ற காலம் ஒன்று உண்டு. மணியார்டர் படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி எழுதுவார். நலமா, மழை பெய்ததா, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா. சில நாள் கழித்து ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும், அதில் அம்மாவின் கைநாட்டு இருக்கும். பணம் போன பாதையிலேயே அது நடந்து வந்திருக்கிறது. அந்த ரேகையை ஆறு இலக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் முகவரி முழுமையாகும். இப்போது போனில் அனுப்பினால் அந்த நொடியே சேர்ந்துவிடுகிறது. வசதியை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். வங்கிச் செயலிக்குப் பின்கோடுகூட வேண்டாம்.

ஆனால் கதை அடுத்த தலைமுறையில் திரும்ப ஆரம்பித்திருக்கிறது. குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். தமிழை நம்மைப்போலவே ‘ஏனுங்க’ போட்டுப் பேசுகிறார்கள். பள்ளிப் படிவத்தில் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டம் இருக்கும். அப்பாவின் ஆதாரில் 8-இல் தொடங்குகிற எண் இருந்தாலும், பிள்ளை இரண்டு கட்டத்திலும் 641 என்றே எழுதிவிடுகிறது. டீச்சர் கேட்டால், வேறு எதுவும் தெரியாது என்கிறது. சமஸ்திபூருக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு பாட்டி பேரனுக்குச் சட்டுமாவும் ஊறுகாயும் கட்டி அனுப்ப வேண்டும் என்றால், இனி அந்த அம்மாதான் நம் ஊர் எண்ணை யாரிடமாவது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.